கரையில் உடைப்பா, கலுங்கா?

போன இதழில் மீக்கடத்திகளைப் பற்றி எழுதினேன். மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் அந்தப் பொருள்களில் இரும்பு கலந்த குடும்பம் ஒன்றும் உண்டு என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு முழுப் பகுதியையும் இதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: இரும்பு காந்தத்தின் இனம். காந்தம் மீக்கடத்தலுக்கு எதிரி என்று நீங்களே எழுதினீர்கள். அப்புறம் இரும்பில் எப்படி மீக்கடத்தல் வரும்?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கூடல்நகர்

ஐயா, 2008 வரை உலகத்தில் பெரும்பாலான இயற்பியலாளர்களுக்கும் இதே எண்ணம்தான். புது மீக்கடத்தி தேடுகிறவர்கள் இரும்பைத் தொடாமல் ஒதுக்கியே வைத்திருந்தார்கள்.

டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் ஹிதியோ ஹொசோனோவின் குழு மீக்கடத்தியைத் தேடவே இல்லை. ஒளி ஊடுருவும் குறைக்கடத்திகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த வழியில் போகும்போது, 2006ல், லாந்தனமும் இரும்பும் பாஸ்பரஸும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஒரு சேர்மம் 4 கெல்வின் அருகே மீக்கடத்தியாவதைப் பார்த்தார்கள். 4 கெல்வின் என்றால் மைனஸ் 269 டிகிரி. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்செனிக்கைப் போட்டு, ஆக்ஸிஜனில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபுளூரினை வைத்தார்கள். 2008 பிப்ரவரியில் 26 கெல்வின் என்று அறிவித்தார்கள். அதன்பிறகு உலகம் தூங்கவில்லை. லாந்தனத்துக்குப் பதில் சமேரியம் போட்ட சீனக் குழு அதே ஆண்டில் 55 கெல்வினைத் தொட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லா அணுக்காந்தமும் ஒரே பக்கம் திரும்பி நிற்கும் ஆணித்துண்டு இரும்பை மனதில் வைத்துத்தான் எதிரி என்று எழுதினேன். இந்தச் சேர்மங்களில் இரும்பு அணுக்கள் சதுரக் கட்டமாக ஒரு தளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆர்செனிக் அணுக்கள் தளத்துக்கு மேலும் கீழும். உதாரணமாகப் பேரியம் இரும்பு ஆர்செனைடை ஏறக்குறைய 140 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால், இரும்பில் ஒரு வரிசை ஒரு பக்கம் பார்க்க, அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் பார்க்கிறது. கூட்டிப்பார்த்தால் பூஜ்யம். அதில் பொட்டாசியத்தையோ கோபால்ட்டையோ கொஞ்சம் கலந்தால் அந்த ஒழுங்கு குலைகிறது. குலையும் இடத்தில்தான் மீக்கடத்தல் தலைதூக்குகிறது. ஒழுங்கு போனபிறகும் மிச்சமிருக்கும் காந்தச் சலனம்தான் எலெக்ட்ரான்களை ஜோடி சேர்த்துவைக்கிறது என்பது இத்துறையில் பலருடைய எண்ணம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இன்னொரு சேதியும் சொல்கிறேன். சுத்தமான இரும்புகூட மீக்கடத்தியாகும். ஒன்றரை லட்சம் முதல் மூன்று லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கினால், அதன் காந்தத்தன்மை போய், 2 கெல்வின் அருகே தடையில்லாமல் கடத்துகிறது. 2001ல் ஜப்பானில் காட்டினார்கள்.

கேள்வி: செமினாருக்குப் பொட்டாசியம் இரும்பு ஆர்செனைடை எடுத்திருக்கிறேன். 2012ல் வந்த இரண்டு கட்டுரைகள். ஒன்று, இதன் ஆற்றல் இடைவெளி டி-அலை வகை என்கிறது. மற்றது, இல்லை, எஸ்-அலை வகைதான், கணுக்கள் தற்செயலானவை என்கிறது. ஒரே பொருள், ஒரே ஆண்டு. என் கைடு, "இரண்டையும் போட்டுவிடு" என்கிறார். யார் சொல்வது சரி? இடைவெளியின் வடிவத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?
– எம்.எஸ்சி. மாணவர், உசிலம்பட்டி

தம்பி, இரண்டையும் வெறுமனே போட்டுவிட வேண்டாம். யார் எதை அளந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிப் போடுங்கள்; அப்போது உங்கள் செமினாரே அதுதான்.

மற்ற வாசகர்களுக்காக, முதலில் இடைவெளி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து போகின்றன. 1957ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் இதை விளக்கினார்கள். 1972ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு ஜோடியைப் பிரிக்க ஆற்றல் செலவாகும். அந்தச் செலவுக்குத்தான் ஆற்றல் இடைவெளி என்று பெயர். பாதரசம், ஈயம் போன்ற பழைய மீக்கடத்திகளில் எலெக்ட்ரான் எந்தத் திசையில் ஓடினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். இரும்புக் குடும்பத்தில், எலெக்ட்ரான்களின் உந்தத்தைக் குறித்து ஒரு படம் வரைந்தால், நான்கைந்து தனித்தனி வளையங்கள் கிடைக்கின்றன. நடுவில் சில, மூலைகளில் சில. வளையத்துக்கு வளையம் இடைவெளி வேறு. ஒரே வளையத்துக்குள்ளும் திசைக்குத் திசை மாறலாம். எங்கே உயரம், எங்கே தாழ்வு, எங்காவது பூஜ்யமா? இதைக் கண்டுபிடிக்கத்தான் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இத்தனை ஆய்வகங்கள் உழைத்தன.

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே. அப்பா ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு கரையைச் சுற்றிவருவார். பல நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். கரை எந்த இடத்தில் எத்தனை அடி என்று அப்பா அளந்ததே இல்லை. தண்ணீர் ஏற ஏற எங்கே முதலில் வழிகிறது என்று பார்ப்பார். கரையின் ஆகத் தாழ்ந்த இடத்தைத் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு வளையத்தையும் ஒரு கண்மாய்க் கரையாக நினைத்துக்கொள்ளுங்கள். இடைவெளிதான் கரையின் உயரம். வெப்பம்தான் தண்ணீர். வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே போனால் தண்ணீர் இறங்குகிறது. கரை சுற்றிலும் நல்ல உயரமாக இருந்தால், தண்ணீர் கொஞ்சம் இறங்கியதுமே வழிவது சட்டென்று நின்றுவிடும். தரைமட்டம் வரை தாழ்ந்த இடம் ஒன்று இருந்தால், கடைசிச் சொட்டு வரைக்கும் அங்கே கசிந்துகொண்டே இருக்கும். அந்தத் தாழ்ந்த இடத்துக்குத்தான் கணு என்று பெயர். கரும்பில் கணு தடித்த இடம். இங்கே ஒன்றுமே இல்லாத இடம். அதிரும் கம்பியில் அசையாமல் நிற்கும் புள்ளியைப் பள்ளியில் கணு என்று படித்தோமே, அந்தக் கணு.

கசிவை அளக்க வழிகள் உண்டு. எலெக்ட்ரான் ஜோடிகள் வெப்பத்தைச் சுமக்காது. பிரிந்த எலெக்ட்ரான்கள்தான் சுமக்கும். ஆகவே படிகத்தை ஒரு கெல்வினில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குளிர்வித்து, ஒரு முனையைத் துளி சூடாக்கி, மறுமுனைக்கு எவ்வளவு வெப்பம் போய்ச்சேர்கிறது என்று பார்க்கலாம். இது வெப்பக் கடத்தல் முறை. காந்தப்புலம் மீக்கடத்தியின் தோலுக்குள் எவ்வளவு ஆழம் நுழைகிறது என்று பார்ப்பது இன்னொரு முறை. இரும்புச் சேர்மங்களில் இந்த ஊடுருவு ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. படிகத்தை ஒரு கம்பிச்சுருளுக்குள் வைத்து, சுருளை ஒரு நொடிக்கு ஒரு கோடி தடவைக்கு மேல் அதிரவிட்டு, அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது என்று எண்ணினால், அணுவின் பருமன் அளவுக்கு ஆழம் மாறினாலும் பிடித்துவிடலாம். குளிரில் ஆழம் மாறாமல் தட்டையாக நின்றால் கரை முழுசு. வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறிக்கொண்டே போனால் கணு இருக்கிறது.

தன்வெப்பம் மூன்றாவது வழி. என் ஆய்வுப் பட்டத்துக்கு எண்பதுகளில் நான் செய்தது அதுதான். திரவ ஹீலியம் கிடைக்கும் நாள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, சின்னச் சூடு கொடுத்து, வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொண்டே இருப்போம். விடியும்போது நாற்பது, ஐம்பது புள்ளிகள் சேர்ந்திருக்கும். படிகத்தின் முழு உடம்பும் சேர்ந்து சொல்லும் பதில் அது என்பதால் அதன்மேல் எனக்கு இன்றைக்கும் தனி மரியாதை உண்டு.

இந்த மூன்றுக்கும் ஒரே குறை. கசிவு இருக்கிறது என்று சொல்லும். எந்தக் கண்மாயில், எந்த மூலையில் என்று லேசில் சொல்லாது. அதற்குக் கோலை ஊன்றிக் கரையைச் சுற்றி நடந்தே அளக்க வேண்டும். அதைச் செய்வது கோணம் பார்த்து அளக்கும் ஒளி எலெக்ட்ரான் நிறமாலை. படிகத்தின் மேல் ஒரு சின்னக் கம்பத்தை ஒட்டி, வெற்றிடத்துக்குள் அதைத் தட்டிவிட்டால் படிகம் பிளந்து புதுமுகம் தெரியும். அதன்மேல் புற ஊதா ஒளியை அடித்து, தெறித்துவரும் எலெக்ட்ரான் எந்தத் திசையில் என்ன ஆற்றலோடு வந்தது என்று பார்த்தால், வளையம் வளையமாக, திசை திசையாக இடைவெளியைப் படிக்கலாம். 2008லேயே, பொட்டாசியம் கலந்த பேரியம் இரும்பு ஆர்செனைடில் சின்ன வளையத்திலும் மூலை வளையத்திலும் 12 மில்லி எலெக்ட்ரான்வோல்ட், பெரிய வளையத்தில் 6 என்று அளந்துவிட்டார்கள். எங்கும் கணு இல்லை. ஆனால் இந்த முறை பார்ப்பது சில அணு அடுக்கு ஆழமுள்ள மேல்தோலை மட்டும்தான். தோல் சொல்வதும் உடம்பு சொல்வதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இனி உங்கள் இரண்டு கட்டுரைகள்.

பேரியத்தை முழுக்க எடுத்துவிட்டுப் பொட்டாசியம் மட்டும் வைத்தால் மாறுநிலை வெப்பநிலை, அதாவது மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை, 38 கெல்வினிலிருந்து மூன்றரை அளவுக்கு விழுகிறது. மூலை எலெக்ட்ரான் வளையங்கள் மறைந்துபோகின்றன. கசிவும் தெரிய ஆரம்பிக்கிறது. இதில் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை. அந்தத் தாழ்ந்த இடம் எப்படி வந்தது என்பதில்தான் சண்டை.

எங்கள் கண்மாயில் கரை இரண்டு விதமாகத் தாழ்ந்திருக்கும். ஒன்று உடைப்பு: மாடு ஏறி இறங்கியோ, மழை அரித்தோ மண் சரிந்த இடம். இரண்டு மண்வெட்டி மண் வெட்டிப் போட்டால் சரியாகிவிடும். மற்றது கலுங்கு: நிரம்பிய தண்ணீர் மறுகால் போவதற்காகக் கல் வைத்துக் கட்டிய இடம். அதன் உயரத்தில் யாரும் கைவைக்க முடியாது. கைவைத்தால் மேல ஊருக்கும் கீழ ஊருக்கும் வெட்டுக்குத்தாகிவிடும். தாமிர ஆக்ஸைடு மீக்கடத்திகளில் இருப்பது கலுங்கு. அங்கே இடைவெளியின் குறி நாலு திசையில் கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று மாறிவருகிறது; கூட்டலிலிருந்து கழித்தலுக்குப் போகும் வழியில் பூஜ்யத்தைத் தொடாமல் போக முடியாது. இதுதான் டி-அலை. ஒரு வளையத்துக்குள் இப்படிக் குறி மாற வேண்டிய கட்டாயம் இல்லாதது எஸ்-அலை. உடைப்பு மாதிரி வரும் கணுக்களைத்தான் தற்செயல் கணு என்கிறார்கள்.

கனடாவில் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தின் லூயி தையஃபேர் குழு வெப்பக் கடத்தலை அளந்தது. சுத்தமான படிகத்திலும், அழுக்கு கூடிய படிகத்திலும், பூஜ்யத்தை நெருங்கும்போது மிச்சமாக நிற்கும் கடத்தல் ஒரே அளவு. டி-அலைக்குக் கொள்கை எதிர்பார்ப்பது அதுதான். ஆகவே கலுங்கு என்றார்கள். டோக்கியோவில் ஷிக் ஷின் குழு லேசர் ஒளியை வைத்து 2 கெல்வினில் கரையைச் சுற்றி நடந்தது. உள்வளையத்தில் கணுவே இல்லை; நடு வளையத்தில் எட்டு இடத்தில் கணு; வெளி வளையத்தில் கரை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டி-அலையாக இருந்தால் எல்லா வளையத்திலும் ஒரே நாலு திசையில் கணு வர வேண்டும். ஆகவே உடைப்பு என்றார்கள்.

இரண்டு பேருமே தாங்கள் பார்த்ததைத்தான் சொன்னார்கள். உங்கள் செமினாருக்கு மூன்றாவது சாட்சியையும் கூப்பிடுங்கள். 2014ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே குழு இதே பொருளின் தன்வெப்பத்தை அளந்து, ஒரு வளையத்தில் நல்ல இடைவெளியும் மற்றவற்றில் மிகமிகச் சின்ன இடைவெளிகளும் இருப்பதாக வைத்தால் புள்ளிகள் எல்லாம் பொருந்துகின்றன என்றது. இதை நிதானமாக யோசித்துப்பாருங்கள். கரை நாலு விரல் உயரம்தான் இருக்கிறது. தண்ணீர் ஒரு சாண் நிற்கிறது. பார்க்கிறவனுக்கு அங்கே கரை இருப்பதே தெரியாது, உடைப்பு என்றுதான் எழுதிக்கொள்வான். தண்ணீரை நாலு விரலுக்கும் கீழே இறக்கினால்தான் உண்மை தெரியும். எந்த வெப்பநிலை வரை இறங்கி அளந்தார்கள் என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் முதலில் தேடுங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்லிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். என் தனிப்பட்ட எண்ணத்தைக் கேட்டால், நான் மூன்றாவது சாட்சியின் பக்கம் சாய்வேன். தன்வெப்பக்காரி என்பதால் மட்டும் அல்ல. லேசர் படத்தில் வெளி வளையத்தின் இடைவெளி அவ்வளவு சின்னதாகத் தெரிந்ததோடும் அது ஒத்துப்போகிறது.

உடைப்பா கலுங்கா என்று நேரடியாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஆர்செனிக்கில் ஒரு பங்கைப் பாஸ்பரஸால் மாற்றிய பேரியம் சேர்மம். மாறுநிலை வெப்பநிலை 30 கெல்வின் அளவு. கணு உண்டு என்று ஊடுருவு ஆழம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அந்தப் படிகத்தின்மேல் வேகமான எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அணுக்களை அங்கங்கே இடம்பெயர்த்து, வேண்டுமென்றே குறைபாடுகளை உண்டாக்கினார்கள். குறைபாட்டில் மோதும் எலெக்ட்ரான் திசை மாறி மாறி அலைவதால், உயர்ந்த இடமும் தாழ்ந்த இடமும் கலந்து கரை சமப்படுகிறது. கலுங்காக இருந்தால் என்ன கலக்கினாலும் கூட்டலும் கழித்தலும் அடித்துக்கொண்டு பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கும். 2014ல் வந்த முடிவு: கணு மறைந்துவிட்டது. கரை முழுசானது. உடைப்புதான். அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. இன்னும் அதிகமாகக் குறைபாடுகளை உண்டாக்கியதும் கசிவு வேறு விதமாகத் திரும்பிவந்தது.

ஏன் திரும்பியது? இங்கே கண்மாயை விட்டுவிட வேண்டும், கரைக்குக் கூட்டல் கழித்தல் குறி கிடையாது. முளைப்பாரிக்குக் கும்மியடிக்கும்போது பெண்கள் இரண்டு வட்டமாக நின்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்வட்டம் வலதுகாலை எடுத்துவைக்கும் நேரத்தில் வெளிவட்டம் இடதுகாலை எடுத்துவைக்கிறது என்று வையுங்கள். இரண்டு வட்டத்திலும் தாளம் ஒன்று, வேகம் ஒன்று. கைத்தட்டலை மட்டும் கேட்டால் வித்தியாசமே தெரியாது. ஆனால் உள்ளே ஆடுகிற ஒருத்தியை இழுத்து வெளிவட்டத்தில் விட்டால் அவள் கால் மாறும், இரண்டு வட்டமும் தடுமாறும். நடு வளையங்களில் இடைவெளிக்குக் கூட்டல் குறி, மூலை வளையங்களில் கழித்தல் குறி என்று 2008லேயே கொள்கை இயற்பியலாளர் மாசின் முதலானோர் சொன்னது இதைத்தான். எஸ்-பிளஸ்-மைனஸ் என்று பெயர். அதிகக் குறைபாடுகள் எலெக்ட்ரானை வட்டம் விட்டு வட்டம் தள்ளுகின்றன, குறிகள் மோதுகின்றன, இடைவெளிக்குள் புது நிலைகள் முளைத்துக் கசிகின்றன. இரண்டு வட்டத்துக்கும் ஒரே குறி என்றால் இந்தக் கசிவு வராது. உயரத்தை அளக்கப் போன சோதனை குறியையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டது.

குறிக்கு வேறு சாட்சிகளும் உண்டு. 2008ல் நியூட்ரான் சிதறலில் 14 மில்லி எலெக்ட்ரான்வோல்ட்டில் தெரிந்த ஒத்ததிர்வு, 2010ல் ஹனகுரி குழு காந்தப்புலத்தில் ஊசிமுனை நுண்ணோக்கியால் எடுத்த அலைக்கோலங்கள். குறி மாறவில்லை, எல்லாம் ஒரே குறிதான் என்று வாதிட்ட கொன்டானி, ஒனாரி இருவரின் கட்டுரையையும் படித்துவிடுங்கள். குறைபாடுகள் மாறுநிலை வெப்பநிலையை எதிர்பார்த்த அளவுக்குக் குறைக்கவில்லையே என்ற அவர்களுடைய கேள்வி கனமான கேள்வி.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் "இரும்பு மீக்கடத்தியின் இடைவெளி" என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். தாமிரக் குடும்பத்துக்கு அப்படி எழுதலாம். இரும்புக் குடும்பத்தில் சேர்மத்துக்குச் சேர்மம் கரை வேறு. எந்தச் சேர்மம், எவ்வளவு கலப்பு என்று சொல்லாமல் இடைவெளியைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதாதீர்கள்.

கேள்வி: 'மீக்கடத்தி' என்கிறீர்கள், சிலர் 'மீமின்கடத்தி' என்கிறார்கள். எது சரி?
– தமிழாசிரியை, சோழவந்தான்

இரண்டும் சரிதான் அம்மா. கரும்பலகையில் வேகமாக எழுதச் சின்ன சொல் வசதி என்று பிடித்துக்கொண்டேன், அப்படியே பழகிவிட்டது.

கேள்வி: என் கணவருக்கு முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனபோது, மெஷினில் ஹீலியம் இறங்கிவிட்டது, இரண்டு வாரம் ஆகும் என்று திருப்பி அனுப்பினார்கள். இரும்பு மீக்கடத்தி வந்தால் இந்தத் தொல்லை தீருமா?
– இல்லத்தரசி, அண்ணாநகர்

வலியோடு போனவரை இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்வது கொடுமை. அந்த மெஷினுக்குள் இருப்பது நியோபியம்–டைட்டானியம் கம்பிச்சுருள். அது 9 கெல்வின் அளவில்தான் மீக்கடத்தியாகும். அதனால் 4 கெல்வின் திரவ ஹீலியத்தில் மூழ்கியே கிடக்க வேண்டும். ஹீலியம் குறைந்தால் வேலை நின்றுவிடும். சில லிட்டர் ஹீலியத்தை உள்ளேயே மூடி வைத்து ஓடும் புது மெஷின்கள் வந்துவிட்டன. உங்கள் தொல்லை தீர்வது முதலில் அந்த வழியாகத்தான் இருக்கும்.

இரும்பு மீக்கடத்தியின் பலம் வேறு. 50 டெஸ்லாவுக்கும் மேலான காந்தப்புலத்தைக்கூட இந்தக் குடும்பம் தாங்குகிறது. ஸ்கேனுக்குத் தேவை ஒன்றரை அல்லது மூன்று டெஸ்லாதான். கம்பியாக்குவதும் தாமிர ஆக்ஸைடு அளவுக்குக் கஷ்டம் இல்லை. பொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து, நம் மதுரை தெற்காவணி மூல வீதி நகைப் பட்டறைகளில் கம்பி இழுப்பது போலவே அச்சில் இழுத்து, தட்டி, சுடுகிறார்கள். 2016ல் சீனாவில் நூறு மீட்டர் நீளத்துக்கு இழுத்துக் காட்டினார்கள். பெரிய ஆய்வகக் காந்தங்களுக்கு முதலில் போகும். உங்கள் கணவருக்குச் சீக்கிரம் ஸ்கேன் கிடைத்து வலி தீரட்டும்.

கேள்வி: எங்கள் பி.எஸ்சி. மாணவர்கள் இரும்பு மீக்கடத்தியைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்துபார்க்க ஆசைப்படுகிறார்கள். ஃபர்னஸ் இருக்கிறது. வழி சொல்ல முடியுமா?
– கல்லூரி ஆசிரியர், திருமங்கலம்

ஆர்செனிக் வேண்டவே வேண்டாம், ஐயா. சாதாரண அழுத்தத்தில் அது உருகாமலே 615 டிகிரி அளவில் ஆவியாகிவிடும். அதற்காகக் குவார்ட்ஸ் குழாயில் அடைத்துச் சுட வேண்டும். ஆவி அழுத்தத்தில் குழாய் வெடித்தால் அறை முழுக்க விஷம். அதற்கென்று கட்டிய ஆய்வகத்தில், பழகிய கை செய்ய வேண்டிய வேலை அது. ஆர்செனிக் இல்லாத இரும்பு செலினைடு உண்டு. 2008ல் தைவானில் கண்டுபிடித்தது. ஆனால் 8 கெல்வினில்தான் வேலை செய்யும், ஹீலியத்துக்கு எங்கே போவீர்கள்? செலினியம் ஆவியும் நல்லதில்லை.

மாணவர்களின் ஆசையை விட்டுவிடாமல் யிட்ரியம் பேரியம் தாமிர ஆக்ஸைடைச் செய்யச் சொல்லுங்கள். 93 கெல்வினில் மீக்கடத்தியாகும். 77 கெல்வின் திரவ நைட்ரஜன் போதும். 1987ல் அந்தச் செய்தி வந்த சில மாதங்களில் நாங்களும் செய்தோம். நைட்ரஜனைக் கால்நடைத் துறையில் கேட்டு வாங்கினோம். உறை விந்து வைப்பதற்காக அவர்களிடம் எப்போதும் இருக்கும். யிட்ரியம் ஆக்ஸைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்ஸைடு மூன்றையும், யிட்ரியம் ஒன்று, பேரியம் இரண்டு, தாமிரம் மூன்று என்று வருகிறபடி நிறுத்து, அகேட் கல்லுரலில் மணிக்கணக்காக அரைத்து, 930 டிகிரியில் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, மறுபடி சுட்டோம். முதல் வில்லை பச்சையாக வந்தது. ஃபர்னஸ் காட்டிய சூடு ஒன்று, உள்ளே இருந்த சூடு வேறு. ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் சேர்மம் பிரிந்து பச்சை நிறத்தில் வேறு சேர்மம் வந்துவிடும். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளைப் புதிதாக மாற்றி, சுட்டபிறகு ஆக்ஸிஜன் ஓட்டத்தில் ராத்திரி முழுக்க மெல்ல ஆறவிட்டதும் இரண்டாவது வில்லை கறுப்பாக வந்தது. அதன்மேல் சின்னக் காந்தம் மிதந்து நின்றபோது, வாசலில் நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த வேதியியல் துறைப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள்.

பேரியம் கார்பனேட்டும் விஷம்தான். அரைக்கும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம்; அந்த மேசையில் டீ டம்ளர் வைக்கக் கூடாது. நைட்ரஜன் கேனின் மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், ஆவி வெளியே போக வழி வேண்டும். சன்னலைத் திறந்துவையுங்கள். வில்லை கறுப்பாக வந்தால் எனக்கு எழுதுங்கள். பச்சையாக வந்தாலும் எழுதுங்கள், எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் என்ற விவரத்தோடு.